பன்னிரண்டு வருடக் கொப்பி

காலை ஏழு மணி இருபது நிமிடம்.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு என் ஞாபகசக்தி காரணம் அல்ல. எழுதி வைத்திருக்கிறேன். ஒற்றை ரூல் கொப்பி, நீல மை, என் கையெழுத்து: "7.20. நோ தொடங்கியது. வலது விலாவின் கீழ். வழக்கமானது." இந்த வரியில் நேரம் மட்டும்தான் சரி.

தீவுப் பகுதிகளுக்கு முதல் நியமனம் பெற்று வருகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் அப்போதிக்கரியாகச் சேர்ந்தேன். டொக்டர் இல்லாத இடத்தில் டொக்டரின் கதிரையில் இருப்பவன்தான் அப்போதிக்கரி. இருபத்தைந்து வருடத்தில் பெரும் பகுதியைக் கடல் சூழ்ந்த மருந்தகங்களிலேயே கழித்தேன். மருந்தின் அளவுகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். புதிதாகப் படித்துவிட்டு வருகிறீர்கள். தெரியாத நோயாளி ஒருவர் வந்தால் நீங்கள் கவனமாகத்தான் பார்ப்பீர்கள், அதைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. நன்றாகத் தெரிந்த நோயாளியை எப்படிப் பார்ப்பது என்பதை ஒருவரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. நான் அதைப் படித்த விதம் உங்களுக்கு வரக்கூடாது.

அந்த நோயாளி என் மகள் மலர். அப்போது அவளுக்கு வயது இருபத்துமூன்று.

பதினொரு வயதில் அவளுக்கு முதல் தரம் கண் மஞ்சளாகி, உடம்பு நடுங்கிக் காய்ச்சல் வந்தது. கல்லீரலிலிருந்து பித்தத்தைக் கொண்டு வருகிற குழாய்கள் உள்ளே தழும்பு விழுந்து சுருங்குகிற நோய் என்று பிறகு கொழும்பில் வயிற்றைத் திறந்து பார்த்த சத்திரசிகிச்சை டொக்டர் சொன்னார். ரப்பர் குழாய் வைத்து ஆறு கிழமை வடியவிட்டார்கள். "இது மாறுகிற நோய் இல்லை. இதோடு வாழப் பழக வேண்டும்" என்றார் அவர். வாழப் பழகியது அவள். நான் எழுதப் பழகினேன். அன்று தொடங்கின கொப்பியில் ஒவ்வொரு காய்ச்சல், ஒவ்வொரு நோ, கண் நிறம், சலத்தின் நிறம், கொடுத்த குளிசை எல்லாம் இருந்தன. கொப்பி முடிய அடுத்த கொப்பியை அதோடு சேர்த்துத் தைத்தேன். பன்னிரண்டு வருடத்தில் அது ஒரு செங்கல் அளவுக்குத் தடித்துவிட்டது. கொழும்பு டொக்டரே ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் பிரிவில்கூட இப்படி ஒரு பதிவு இல்லை என்று மெச்சினார். அந்த மெச்சலை நான் கனகாலம் சுமந்து திரிந்தேன்.

மலருக்குக் கல்யாணமானது எழுபத்தைந்தில். மருமகன் தென்னிலங்கையில் தன் தகப்பனின் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கொரு தரம் வந்து போவார். அடிக்கடி நோ வருகிற பிள்ளை என்பதால் மலர் எங்களோடு நெடுந்தீவில், மருந்தகத்தை ஒட்டின குவாட்டர்ஸில் இருந்தாள். கல்யாணத்துக்குப் பின் கொழும்புக் கிளினிக்குக்குப் போனபோது, இரண்டு வருடத்துக்குப் பிள்ளைப்பேறு வேண்டாம், கல்லீரல் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டொக்டர். அதை மட்டும் நான் சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

அடுத்த வருடம் ஆனி மாதம். நயினாதீவில் அம்மன் தேர். என் மனைவி இரண்டு நாள் முன்னதாகவே அங்கே போய்விட்டாள். அம்மனுக்கு நேர்த்திக்கடன் ஒன்று இருக்கிறது என்றாள். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை. வீட்டில் நானும் மலரும் மட்டும்.

தேர் நாள் காலை ஏழு இருபதுக்கு அவள் குசினி வாசலில் குந்திவிட்டாள். கையில் பால் செம்பு.

"அப்பா, வயிறு நோகுது."

நான் ஓடிப் போய்ப் பிடித்தேன். "வலப்பக்கமோ? விலாவுக்குக் கீழயோ?"

"ஓம். அங்கையும் நோகுது, அடிவயிறும் நோகுது."

பதிலின் முன்பாதியை எழுதினேன். பின்பாதி என் காதில் விழுந்தது, கொப்பியில் விழவில்லை. நோயாளியிடம் எங்கே நோகிறது என்று கேளுங்கள். இங்கேயா என்று கேட்காதீர்கள். களைத்துப்போன மனிதர் எந்த இடத்தைக் காட்டினாலும் ஓம் என்றுதான் சொல்வார். ஆயிரம் பேரிடம் சரியாகக் கேட்ட நான் என் பிள்ளையிடம் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தேன்.

வழக்கமான குளிசை கொடுத்தேன். கட்டிலில் படுக்க வைத்தேன். எட்டு மணிக்கு மருந்தகத்தைத் திறக்க வேண்டும், வெளியே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "கூப்பிடு, வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். இடையில் ஒரேயொரு கதவு, அதைத் தாண்டினால் வீடு. அந்த நிம்மதியும் என்னை ஏமாற்றியது.

ஒன்பதரைக்கு எட்டிப் பார்த்தேன். கக்கூசுக்குப் போகிற வழியில் தலை சுற்றி விழப்பார்த்தாளாம். வெறுவயிறு என்று நினைத்தேன். காய்ச்சல் பார்த்தேன், இல்லை. கண்ணைப் பார்த்தேன். யன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளையை நன்றாகப் பார்த்தேன். பால் மாதிரி இருந்தது. கொப்பியில் இப்படி இருக்கிறது: "காய்ச்சல் இல்லை. நல்லது. மஞ்சள் இல்லை. நல்லது."

பத்தேகாலுக்கு மறுபடி போனேன்.

"அப்பா, இப்ப தோள்மூட்டு இழுக்குது."

"எந்தத் தோள்?"

"வலது."

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு ஆறுதலாக இருந்தது. பித்தக் குழாய் நோ வலது தோளுக்கு ஏறும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது, என் கொப்பியிலும் இருபது இடத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த நோ, தெரிந்த வழியால் போகிறது. நாடி நூற்றுப்பத்து. பயத்தில் ஓடுகிறது என்று எழுதினேன். யாருடைய பயம் என்று எழுதவில்லை. தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற படகு, பின்னேர லோஞ்சு, மூன்று மணிக்கு. குறையாவிட்டால் அதில் யாழ்ப்பாணம் கொண்டுபோவோம் என்று முடிவெடுத்து, அதையும் எழுதிவிட்டு, வரிசையில் நின்ற இருமல்காரரைப் பார்க்கப் போனேன்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

நான் சேவைக்கு வந்த இரண்டாம் வருடம். வேலணைப் பக்கம் ஒரு மருந்தகம். கிழமைக்கொரு நாள் பெரிய டொக்டர் ஒருவர் வந்து என் வேலையைப் பார்ப்பார். சரவணையிலிருந்து ஒரு இளம்பெண் வயிற்று நோவோடு மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் ஒழுங்கா வருது" என்றார் மாமியார். எழுதினேன். பெரிய டொக்டர் நான் எழுதின துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு மாமியாரிடம் திரும்பினார்.

"அம்மா, உங்களுக்கு எந்தப் பக்கம் நோகுது?"

"எனக்கு நோகேல்லை ஐயா."

"அப்ப வெளியில இருங்கோ."

பிறகு என்னையும் வெளியே போகச் சொன்னார். தானும் வந்துவிட்டார். மருத்துவிச்சி மட்டும் உள்ளே போய்க் கேட்டாள். வேறு பதில் வந்தது. அன்று அந்தப் பெண் தப்பினாள். திரும்பிப் போகும்போது பெரிய டொக்டர் காருக்குள் இருந்து சொன்னது: "கூட வந்த ஆக்கள் சொல்லுறது கூட வந்த ஆக்களின்ர வரலாறு. தம்பி, நோயாளியின்ர வரலாறு வேற."

அன்றிலிருந்து என் மருந்தகம் எதிலும் அது சட்டம். வயது வந்த பெண் வயிற்று நோவோடு வந்தால் முதலில் மறைப்புக்குள் மருத்துவிச்சி. கூட வந்தவர்கள் வெளியே. கேட்கிற கேள்வி மூன்று, அதன் பிறகுதான் என் முறை. எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லோருக்கும் இதைத்தான் முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். கடைசியாகச் சொல்லிக் கொடுத்தது சறோசாவுக்கு. நெடுந்தீவுக்கு வந்து எட்டு மாதமான மருத்துவிச்சி. இருபத்திரண்டு வயது. சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு தீவின் ஒரு முனையிலிருந்து மற்ற முனை வரை போவாள்.

தேர் நாளன்று பதினொன்றே முக்காலுக்கு ஒரு பிரசவ வீட்டிலிருந்து திரும்பி, கொதிக்க வைத்த ஊசிகளை எடுத்துப்போக என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே மலர் முனகுவது கேட்டது.

"ஆர் ஐயா, மலரக்காவோ?"

"ஓம் பிள்ளை. பித்த நோ. காலமையிலயிருந்து. மூண்டு மணி லோஞ்சுக்குப் பாப்பம்."

அவள் படியில் நின்றாள். செருப்பைக் கழற்றவும் இல்லை, போகவும் இல்லை.

"கேட்டனீங்களோ ஐயா?"

"என்னத்தை?"

அவள் மருந்தகத்து மறைப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. விளங்கினதும் கோபம் வந்தது. "இது மலர் பிள்ளை. பன்னிரண்டு வருசமா எனக்குத் தெரிஞ்ச வயிறு. கொப்பி கிடக்கு, வேணுமெண்டா எடுத்துப் பாரும்."

"கொப்பி நான் பாக்கேல்லை ஐயா. கேட்டனீங்களோ எண்டுதான் கேக்கிறன்."

ஒரு தகப்பன் மகளிடம் கேட்கிற கேள்வியா அது? மனைவி நின்றிருந்தால் அவள் மூலம் கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் பொய். மனைவி நின்றிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். எனக்குப் பதில் தெரியும் என்ற நினைப்பு. சிவப்பு மையால் எழுதியிருக்கிறேனே.

சறோசா செருப்பைக் கழற்றினாள். "நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ ஐயா."

என் வீட்டிலிருந்து, என் பிள்ளையின் கட்டிலடியிலிருந்து, எனக்குக் கீழே வேலை செய்கிற பெண் என்னை வெளியே அனுப்பினாள். போய்க் கல்வேலியோடு நின்றேன். சரவணைப் பெண்ணின் மாமியார் நின்ற இடத்தில் இன்று நான் நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கூட வந்த ஆள்.

இரண்டு நிமிடம் இருக்கும். வெளியே வந்தாள்.

"கடைசியா வந்து ஐம்பத்திரண்டு நாள் ஐயா. ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம்." பிறகு, குரலை இறக்கி, "கீழிமையைப் பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை. கண்ணைப் பார்த்தேன்தான். மஞ்சள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். உள்ளே போய், கீழிமையை விரலால் இழுத்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் கடதாசி மாதிரி வெளுத்திருந்தது. கருப்பைக்குப் போகவேண்டிய கரு வழியிலே கருக்குழாயில் தங்கி, அந்தக் குழாய் வெடித்து, காலையிலிருந்து வயிற்றுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது. தோளுக்கு ஏறினது அந்த இரத்தம் கொடுத்த நோ. காய்ச்சல் இல்லாததும் மஞ்சள் இல்லாததும் "நல்லது" அல்ல. இது பித்தம் இல்லை என்று அவை இரண்டும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தன. நான் சந்தோஷப்பட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் நான் ஒரு முடிவெடுத்தேன். என் சேவையில் எடுத்த முடிவுகளில் அதுதான் மிகச் சரியானது என்று இன்றைக்கும் சொல்வேன். "சறோசா, இண்டைக்கு நான் அப்போதிக்கரி இல்லை. தகப்பன். என்ன செய்யிறதெண்டு நீர் சொல்லும், நான் செய்யிறன்" என்றேன்.

அவள் வெட்கப்படாமல் சொல்லத் தொடங்கினாள். வாயால் இனி ஒரு சொட்டும் கொடுக்க வேண்டாம். நோவுக்கு ஊசி வேண்டாம், பிரஷர் விழுந்துவிடும். கால்பக்கம் உயர்த்த வேண்டும். சேலைன் அவளே ஏற்றினாள். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது, எனக்கு அன்று கிடைத்திராது. மருந்தகத்தில் எடுபிடி வேலை பார்க்கிற அற்றென்டன் டெலிபோன் எடுக்கத் தபாற்கந்தோருக்கு ஓடினான். யாழ்ப்பாண ரோட்டு தொடங்குகிற குறிகட்டுவான் இறங்குதுறையில் கார் நிற்க வேண்டும், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும், நயினாதீவில் மனைவிக்குச் சொல்ல வேண்டும். மருமகனுக்குத் தந்தி.

நான் கடிதம் எழுத இருந்தேன். "பன்னிரண்டு வருடமாகப் பித்தக் குழாய் சுருக்க நோயுள்ள..." என்று தொடங்கிவிட்டேன். சறோசா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, பித்த நோயை முதல் வரியில எழுதாதைங்கோ."

"ஏன்? அதுதானே நோய்?"

"அங்க நிக்கிற டொக்டர் அந்த வரியோட வாசிக்கிறதை நிப்பாட்டிப் போடுவார். நீங்களே நிப்பாட்டினனீங்கள்தானே."

கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். முதல் வரி: "கடைசி மாதவிலக்கு வந்து ஐம்பத்திரண்டு நாள். வயிற்றுக்குள் இரத்தம் ஓடுகிறது. இரத்தம் ஆயத்தமாக வேண்டும்." பித்த நோய் கடைசி வரிக்குப் போனது. தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் இனி எழுதப் போகிற நூற்றுக்கணக்கான கடிதங்களுக்கு நான் தரக்கூடியது இந்த ஒன்றுதான். இன்றைக்கு என்ன நடந்தது என்பதை முதலில் எழுதுங்கள். பழைய நோயின் பெயர் பெரியது. அதைத் தலைப்பில் வைத்தால் கீழே உள்ள எதையும் அது பார்க்கவிடாது.

இனிப் படகு. லோஞ்சுகள் தேருக்கு ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன, மூன்று மணிக்கு முன் ஒன்றும் வராது. துறையில் ஒரேயொரு மீன்பிடி வள்ளம், மெசின் பூட்டினது. அதன் சொந்தக்காரர் அந்தோனியண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று முழுப் பலத்தில் அடித்தது. கடல் முழுக்க வெள்ளை.

"ஐயா, நான் தனிய எண்டா இப்பவே போவன். நோயாளியை ஏத்திக்கொண்டு இந்தச் சோளகத்துக்க..." கடலைப் பார்த்தார். "உங்கட மருந்துப் போத்தில்ல எழுதியிருக்குமே, குலுக்கிக் குடிக்கவும் எண்டு. இண்டைக்குக் கடலும் அப்பிடித்தான், குலுக்கித்தான் குடுக்கும்."

"மூண்டு மணி வரைக்கும் பொறுக்கலாமோ பிள்ளை?" என்று நான் சறோசாவைக் கேட்டேன். கேட்டது தகப்பன். அப்போதிக்கரிக்குப் பதில் தெரியும்.

"ஏலாது ஐயா. குலுங்கினா நோகும். பொறுத்தா..." அவள் முடிக்கவில்லை.

அந்தோனியண்ணை வலையைச் சுருட்டி எறிந்தார். "அப்ப ஏன் கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்? தூக்குங்கோ."

வள்ளத்தின் நடுவில் மெத்தை போட்டு மலரைக் கிடத்தினோம். சறோசா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நாடியைப் பிடித்தபடி இருந்தாள். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை சேலைன் போத்திலை உயர்த்திப் பிடிப்பது. கண்ணாடிப் போத்தில். ஒரு கையால் வள்ளத்தின் விளிம்பு, மற்றக் கையால் போத்தில். ஒவ்வொரு அலையிலும் என் மனம் போத்திலிலேயே இருந்தது, அது உதவியாகவும் இருந்தது. பயப்படுகிறவனுக்குக் கையில் ஒரு வேலை கொடுங்கள். அதையும் சறோசாதான் தெரிந்து செய்தாள்.

பாதி வழியில் மலர் கண்ணைத் திறந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"அப்பா, கோவமோ?"

"என்ன கோவம்?"

"டொக்டர் வேண்டாமெண்டு சொன்னவர். நீங்கள் கொப்பியில சிவப்பால எழுதி வச்சிருந்தனீங்கள்." மூச்சு வாங்கினாள். "இன்னும் ஒரு கிழமை பாத்திட்டுச் சொல்லுவம் எண்டிருந்தனான்."

"கதையாதையும் மலரக்கா" என்றாள் சறோசா.

நான் போத்திலை இன்னும் உயர்த்திப் பிடித்தேன். காலையிலிருந்து நான் கேட்காததை மட்டும்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. என் பிள்ளை எனக்குச் சொல்ல முடியாதபடி நானே பதிலை எழுதி, கோடு போட்டு, அவள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்திருந்தேன். நோயாளிகள் ஏன் எங்களிடம் மறைக்கிறார்கள் என்று நீங்கள் சலித்துக்கொள்வீர்கள், நானும் சலித்துக்கொண்டவன்தான். அடுத்த முறை சலிப்பு வருகிறபோது உங்கள் சிவப்பு மை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

நயினாதீவைக் கடந்தோம். கோயில் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம், இறங்குதுறை முழுக்க ஆட்கள். அந்தக் கூட்டத்துக்குள் என் மனைவி நிற்கிறாள், கூப்பிட்டால் கேட்கிற தூரம். அந்தோனியண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குறிகட்டுவான் பக்கம் கை காட்டினேன். அவர் மெசினைக் குறைக்கவில்லை.

கார் நின்றது. பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். முதல் வரியை வாசித்ததும் தலையை நிமிர்த்தி ட்ரொலி என்று சத்தம் போட்டார். மிச்சத்தை நடந்துகொண்டே வாசித்தார். மலர் தியேட்டருக்குள் போகும்போது மணி மூன்றேகால். நான் நம்பியிருந்த லோஞ்சு அப்போதுதான் நெடுந்தீவுத் துறையை விட்டிருக்கும்.

இரத்தம் போதாமல் இருந்தது. என் இரத்த வகை பொருந்தவில்லை. அந்தோனியண்ணைக்குப் பொருந்தியது. நோயாளியைக் காருக்குத் தூக்கின கையோடு அவரும் கூடவே வந்திருந்தார். கையை நீட்டிப் படுத்தபடி தாதியிடம் கேட்டார்: "பிள்ளை, என்ர உடம்பில ஓடுறது முழுக்க மீன் குழம்பு. அவை வெள்ளிக்கிழமையில மச்சம் தொடாத சனம். பறவாயில்லையோ?" தாதி சிரித்தாள். நானும் சிரித்தேன், சிரிக்கத் தொடங்கியதும் நிறுத்த ஏலாமல் சுவரோடு சாய்ந்து அழுதேன்.

ஐந்து மணிக்குச் சத்திரசிகிச்சை டொக்டர் வெளியே வந்தார். ஒரு பக்கக் கருக்குழாயை எடுத்துவிட்டோம், இரத்தம் நின்றுவிட்டது, பித்தக் குழாய்ப் பக்கம் கையும் வைக்கவில்லை, அது பேசாமல் இருக்கிறது என்றார். கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "இதை எழுதினது நீங்களோ? முதல் வரியிலயே விசயம் இருந்தது. எங்களுக்கு நேரம் மிச்சம்."

"கை என்னுடையது ஐயா. வரி இந்தப் பிள்ளையின்ர" என்று சறோசாவைக் காட்டினேன். அவள் வாங்குப் பலகையில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டிருந்தாள். காலில் வள்ளத்து உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

இது நடந்து ஆறு வருடமாகிறது. நான் நம்பிக்கையோடு வேலை செய்தவன், நம்பிக்கையோடுதான் ஓய்வு பெற்றேன். ஆனால் இன்றைக்கும் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் என் விரல் தானாக அவர்கள் கீழிமைக்குப் போய்விடுகிறது. கடையில் சாமான் வாங்குகிறபோதும் போயிருக்கிறது, பேச்சும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பழக்கம் போகவேண்டாம் என்று நினைக்கிறேன்.

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் மனைவி வார்டுக்குள் வந்தாள். தேர்க் கூட்டத்தில் செய்தி இரவுதான் கிடைத்ததாம், முதல் லோஞ்சில் ஏறியிருக்கிறாள். சேலைத் தலைப்பில் விபூதி குங்குமப் பொட்டலம். மலரின் நெற்றியில் பூசினாள், தலையைத் தடவினாள், கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"நான் என்ன நேர்த்திக்குப் போனனான் எண்டு நீங்கள் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பன். பேரப்பிள்ளை வேணுமெண்டுதான் போனனான். உங்கட சிவப்புக் கோட்டுக்குப் பயத்தில நானும் ஒளிச்சுத்தான் போனனான்."

கட்டிலுக்குப் பக்கத்து மேசையில், நான் பையில் போட்டுக் கொண்டுவந்த கொப்பி இருந்தது. அன்று காலையும் நான் எழுதியிருந்தேன்: காய்ச்சல், நாடி, நேரம். மனைவி அதை எடுத்து, சிவப்பு மை இருக்கிற பக்கம் வரை புரட்டினாள். மூடினாள். என் சட்டைப் பையிலிருந்து பேனையை உருவினாள். இரண்டையும் கொண்டுபோய், ஊசி குத்தாத கைப் பக்கமாக மலரின் அருகில் வைத்தாள்.

"அவளின்ர வயிறு" என்றாள். "இனி அவள் எழுதட்டும். நீங்கள் வாசியுங்கோ."